ஒரே வாசல், இரண்டு வரிசை

(கௌதள்ளியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்தச் சொற்பொழிவுக்குப் பணம் வைத்துப்போன வாத்தியார், தன் பெயரை எந்த இடத்திலும் போடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் நானும் போடவில்லை. அவர் விதித்த நிபந்தனை ஒன்றுதான். வெளியூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய நம் ஊர்க்காரன் ஒருவன், தன் தொழிலில் தெரிந்துகொண்டதை ஊருக்குப் புரிகிற மாதிரி வருடத்துக்கு ஒரு முறை வந்து பேச வேண்டும். நான் முப்பது வருடத்துக்கு மேல் கம்பியும் கேபிளும் பார்த்த தொலைபேசிக்காரன். ஆகவே இன்று கம்பியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கம்பி யாருடையது, அதில் போகிற சரக்கு யாருடையது, கம்பிக்காரன் சரக்கைப் பிரித்துப் பார்க்கலாமா? இந்த மூன்று கேள்விகளை வைத்து ஐரோப்பாவிலும் நம் நாட்டிலும் பதினைந்து வருடமாகப் பெரிய சண்டை நடந்திருக்கிறது. பத்திரிகைகள் இதை ‘இணையச் சமநிலை’ என்று எழுதுகின்றன. நெட் நியூட்ராலிட்டி என்றால்தான் பின் வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளுக்குப் புரியும். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ 2003-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது.

சொல் புதிதுதான், விஷயம் நமக்குப் பழக்கமானது. அமாவாசைக்கு மாதேஸ்வரன் மலைக்குப் போகாதவர்கள் இந்தக் கூடத்தில் இருக்க மாட்டீர்கள். அங்கே தர்ம தரிசன வரிசை ஒன்று, டிக்கெட் வாங்கிய சிறப்பு தரிசன வரிசை ஒன்று. கர்ப்பக்கிரகத்துக்கு வாசல் எத்தனை? ஒன்றே ஒன்று. சிறப்பு வரிசை வேகமாக நகர்வதற்கு ஒரே வழி, தர்ம வரிசையைக் கயிறு கட்டி நிறுத்துவது. வேகத்தைப் புதிதாக யாரும் உண்டாக்குவதில்லை. ஒருவன் நேரத்தை எடுத்து இன்னொருவனுக்கு விற்கிறார்கள், அவ்வளவுதான். கோயிலைக் குறை சொல்ல நான் வரவில்லை, நானும் டிக்கெட் வாங்கிப் போனவன்தான். நம் போனுக்குள் வருகிற இணையத்துக்கும் வாசல் ஒன்றுதான் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து முந்துவது தொலைபேசியிலும் பழைய வழக்கம். இங்கே இருக்கும் வயதானவர்களுக்கு ட்ரங்க் கால் நினைவிருக்கும். கொள்ளேகாலுக்குப் போய்ப் பதிவுசெய்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று கால் மூன்று வகை. அர்ஜென்ட்டுக்கு இரட்டிப்புக் கட்டணம். லைட்னிங் என்றால் பல மடங்கு. கோயம்புத்தூருக்கு ஒரு சாவுச் செய்தி சொல்ல அர்ஜென்ட் போட்டுவிட்டுக் காத்திருப்போம். யாரோ ஒரு மண்டிக்காரர் லைட்னிங் போட்டு மஞ்சள் விலை பேசிவிட்டுப் போவார். அப்போது அதை அநியாயம் என்று நினைக்கக்கூட எங்களுக்குத் தெரியாது. கம்பி குறைவு, கூட்டம் அதிகம், காசு இருப்பவன் பேசுகிறான் என்று இருந்தோம்.

ஆபரேட்டர் பாரபட்சம் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொலைபேசிக்காரர்கள் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் இறுதிச் சடங்கு நடத்திக்கொடுக்கும் தொழில் செய்தவர் ஆல்மன் ஸ்ட்ரௌஜர். ஊரில் சாவு விழுகிறது, அவருக்கு மட்டும் போன் வருவதில்லை. எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் அவருடைய போட்டிக்காரரின் மனைவி என்றும், அவருக்கு வந்த அழைப்பையெல்லாம் தன் வீட்டுக்காரருக்கே திருப்பிவிட்டாள் என்றும் சொல்வார்கள். மனுஷனுக்கு வந்த கோபத்தில் ஆபரேட்டரே வேண்டாம் என்று தானியங்கி எக்ஸ்சேஞ்சைக் கண்டுபிடித்தார். 1891-ல் காப்புரிமை கிடைத்தது. பிற்காலத்தில் பெங்களூரு ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் செய்து நாடு முழுக்க நிறுவிய எக்ஸ்சேஞ்சுகள் அவர் பெயரில் வந்தவைதான். அந்த மனைவி கதையில் எவ்வளவு உப்பு, எவ்வளவு காரம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த யந்திரத்தைத் துடைத்து எண்ணெய் போட்டவன் நான். அதற்குச் சொந்தக்காரன், விரோதி என்ற வித்தியாசம் கிடையாது. எந்த எண்ணைச் சுழற்றினாலும் அந்த எண்ணுக்குப் போகும்.

இணையமும் பிறக்கும்போது அப்படித்தான் பிறந்தது. வாட்ஸ்அப் செய்தியோ, சினிமாப் படமோ, ஈரோட்டு மஞ்சள் விலையோ, எல்லாவற்றையும் சிறு சிறு பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறார்கள். கம்பி பொட்டலத்தின் மேல் இருக்கும் முகவரியை மட்டும் பார்த்தால் போதும், உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டியதில்லை. பார்க்கிற யந்திரம் பிறகுதான் வந்தது. தபால்காரர் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, ‘இது காதல் கடிதம், ஐந்து ரூபாய் கூடுதல்’ என்று கேட்டால் எப்படி இருக்கும்? நெதர்லாந்தில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

அந்த நாட்டின் பழைய தொலைபேசி நிறுவனம் கேபிஎன். 2011-ல் அதன் வாடிக்கையாளர்கள், முக்கியமாக இளம்பிள்ளைகள், எஸ்எம்எஸ் அனுப்புவதை நிறுத்திவிட்டு வாட்ஸ்அப்புக்கு மாறினார்கள். எஸ்எம்எஸ் வருமானம் சரிந்தது. வாட்ஸ்அப், ஸ்கைப் மாதிரி சேவைகளுக்குத் தனிக் கட்டணம் வாங்கப்போகிறோம் என்று நிறுவனம் அறிவித்தது. யார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு, பொட்டலத்துக்குள் பார்க்கும் தொழில்நுட்பம் எங்களிடம் இருக்கிறது என்று முதலீட்டாளர்களிடம் பெருமையாகவே சொல்லிவிட்டார்கள். டச்சுக்காரர்கள் கொதித்துப்போனார்கள். 2011 ஜூனில் கீழவை ஒப்புதல், 2012 மே மாதம் மேலவை ஒப்புதல், 2013 ஜனவரி 1 முதல் சட்டம் நடைமுறை. இணையச் சமநிலைக்குச் சட்டம் போட்ட முதல் ஐரோப்பிய நாடு நெதர்லாந்து. உலகத்தில் அதற்கு முன்னால் சிலி ஒன்றுதான், 2010-ல்.

இந்தக் கதையை நம் நாட்டுக் கதையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம், இணையம் வழியாகப் பேசும் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தது. 2015 மார்ச் 27-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கருத்துக் கேட்டு ஓர் ஆவணம் வெளியிட்டது. 118 பக்கம், 20 கேள்வி. முழுவதும் வக்கீல் இங்கிலீஷ். இதை யார் படித்துப் பதில் எழுதுவார்கள் என்று எங்கள் துறையில் சிரித்துக்கொண்டோம். பத்து லட்சம் மின்னஞ்சலுக்கு மேல் போய்ச் சேர்ந்தது. ஆணையம் திக்குமுக்காடி, அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரியோடு எல்லாவற்றையும் தன் தளத்தில் கொட்டியது. அதற்குத் தனியாகத் திட்டு வாங்கியது. மறு வருடம் ஐரோப்பிய ஒழுங்குமுறையாளர்கள் தங்கள் விதிகளுக்குக் கருத்துக் கேட்டபோது அந்தக் கண்டம் முழுவதிலிருந்தும் வந்தது 4 லட்சத்து 80 ஆயிரத்துச் சொச்சம். கடிதம் எழுதுவதில் நம் ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது.

அடுத்து வந்ததுதான் முக்கியமான சண்டை. அதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதில் எதிராளி வில்லன் வேஷத்தில் வரவில்லை, தர்மகர்த்தா வேஷத்தில் வந்தார்.

2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக் நிறுவனம் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து ‘இன்டர்நெட் டாட் ஆர்க்’ என்ற சேவையைத் தொடங்கியது. பிறகு அதற்கு ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்று பெயர் மாற்றினார்கள். காசே வேண்டாம், டேட்டா பேக் வேண்டாம், ஏழைகளுக்கு இலவச இணையம் என்றார்கள். ஆனால் இணையம் முழுவதும் கிடையாது. அவர்கள் பட்டியலில் சேர்த்த முப்பதுக்கும் மேற்பட்ட தளங்கள் மட்டும்.

நீங்கள் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது பெரிய ஜவுளிக்கடை பஸ் ஸ்டாண்டுக்கே வேன் அனுப்புகிறது. டிக்கெட் இல்லை. ஏறினால் கடை வாசலில் இறக்கிவிடும். அந்த வேனைப் போக்குவரத்து வசதி என்று யாராவது சொல்வோமா? ‘அண்ணா, அப்படியே ஆஸ்பத்திரி பக்கம் திருப்புங்க’ என்று கேட்டால் டிரைவர் சிரிப்பார். பக்கத்துத் தெருவில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருப்பவருக்கு வேன் அனுப்ப வசதி இல்லை, அவர் கடைக்கு ஆள் வராது. இதற்கு எதிராக, 2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் நம் பெண்களுக்குக் கிடைத்திருக்கும் சக்தி திட்டத்து பஸ் இருக்கிறது. அதுவும் இலவசம்தான். ஆனால் இந்த ஊருக்குத்தான் போக வேண்டும், இவரைத்தான் பார்க்க வேண்டும் என்று கண்டக்டர் சொல்வதில்லை. மாநில எல்லைக்குள் இருக்கும்வரை சொல்வதில்லை. எல்லையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இலவசம் என்ற சொல் ஒன்றுதான், வேனும் பஸ்ஸும் வேறு. இந்த வித்தியாசத்தை 2015-ல் தில்லிக்கு எடுத்துச் சொல்லப் பெரும்பாடு பட வேண்டியிருந்தது. முழுப் பக்க விளம்பரங்கள் வந்தன. ஃபேஸ்புக்கைத் திறந்தால், ஃப்ரீ பேசிக்ஸை ஆதரிக்கிறேன் என்று ஆணையத்துக்கு எழுத ஒரு பொத்தான் வந்து நின்றது. டிசம்பரில் டிராய் இரண்டாவது முறை கருத்துக் கேட்டபோது 24 லட்சம் அளவுக்குப் பதில்கள் குவிந்தன. பெரும்பகுதி ஒரே அச்சில் வார்த்த ஆதரவுக் கடிதம். கேட்ட கேள்விக்கு அதில் பதிலே இல்லை என்று ஆணையம் சொல்லிவிட்டது. 2016 பிப்ரவரி 8-ல் ஆர்.எஸ். சர்மா தலைமையிலான டிராய் விதியை வெளியிட்டது. எந்தத் தளத்தைப் பார்க்கிறாய் என்பதை வைத்து டேட்டாவுக்கு வெவ்வேறு விலை வைக்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், உச்சமாக 50 லட்சம் ரூபாய் அபராதம். மூன்று நாளில் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டு நடையைக் கட்டியது.

அபராதத் தொகை அந்த நிறுவனங்களுக்கு டீச் செலவு மாதிரி. விதி தெளிவாக இருந்ததுதான் வேலை செய்தது.

இங்கே நம் ஊரை உள்ளே கொண்டுவருகிறேன். கொள்ளேகால் தாலுகா 1956 அக்டோபர் 31 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. நவம்பர் 1 விடிந்தபோது மைசூர் மாநிலம். யாரும் வீடு மாறவில்லை, கோடுதான் மாறியது. பிறகு மைசூர் மாவட்டத்திலிருந்து 1997-ல் சாமராஜநகர் பிரிந்தது, இப்போது அனூர் தாலுகா. மாவட்டமும் தாலுகாவும் மாற மாற, நாம் பேசுகிற தமிழ் மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. கன்னடத்தில் படிப்போம், கடையில் உருதும் கலந்து பேசுவோம், வீட்டில் தமிழ். இந்த நிலைமையில் இருக்கும் ஆளுக்குக் கம்பியின் நடுநிலை எவ்வளவு அவசியம் என்று பாருங்கள்.

அந்த ஃப்ரீ பேசிக்ஸ் முதலில் வந்தது தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம், குஜராத் ஆகிய ஆறு மாநிலங்களில். தமிழ் உட்பட ஏழு மொழிகளில். கர்நாடகம் அந்தப் பட்டியலில் இல்லை, கன்னடமும் இல்லை. பாலாற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருக்கும் என் மாமன் மகன் போனில் தமிழ்ச் சேவை இலவசமாக வரும். இந்தப் பக்கம் கர்நாடகா சிம் வைத்திருக்கும் எனக்கு வராது. அதே கம்பெனி, அதே மொழி, நடுவில் ஓர் ஆறு. யாரோ ஒருவர் உட்கார்ந்து பட்டியல் போட ஆரம்பித்தால், இப்படிப்பட்ட கோட்டோரத்து ஆட்கள்தான் முதலில் விடுபடுவோம். வெறுப்பால் நம்மை விடுவதில்லை. நம்மை நினைப்பதற்கு அவர்களுக்குக் காரணம் இல்லை. கேபிள் டிவி நாட்களில் இதை அனுபவித்தோம். எந்தத் தமிழ்ச் சேனல் நம் வீட்டுக்கு வரும் என்பது ஆபரேட்டரின் மனசைப் பொறுத்தது, மனசு சில சமயம் அரசியலைப் பொறுத்தது. இணையம் வந்த பிறகு ஈரோட்டு மஞ்சள் விலையைப் பார்க்கவோ, திருப்பூரில் வேலை செய்யும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவோ, ஒரு தமிழ்ப் பத்திரிகையைப் படிக்கவோ யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பெரும்பான்மை மொழிக்காரன் எந்தப் பட்டியலிலும் தானாக இடம்பிடித்துவிடுவான். பட்டியலே இல்லாத கம்பிதான் சிறுபான்மைக்குப் பாதுகாப்பு. நான் இன்று சொல்ல வந்த விஷயத்தில் பாதி இதுதான்.

கோட்டோரத்துச் சங்கடம் ஐரோப்பாவுக்கும் தெரியும். அங்கே இரண்டு மணி நேரம் ரயிலில் போனால் நாடு மாறிவிடும். நாம் பாலாறு பக்கம் போனதும் போன் வேறு சர்க்கிளுக்கு வரவேற்றுச் செய்தி அனுப்பி, ரோமிங் காசைப் பிடித்த காலம் நினைவிருக்கும். அங்கே அந்தக் கொள்ளை இன்னும் பெரிதாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் வருடத்துக்கு வருடம் விலையைக் குறைத்து, 2017 ஜூன் 15 முதல் ரோமிங் கூடுதல் கட்டணத்தையே நீக்கியது. அதற்கு வழிசெய்த அதே சட்டத்தில்தான், 2015-ல் நிறைவேறிய 2120-ஆம் எண் ஒழுங்குமுறையில், இணையச் சமநிலையும் எழுதப்பட்டது. 2016 ஏப்ரல் 30-லிருந்து ஒன்றியம் முழுவதுக்கும் பொருந்தியது.

ஆனால் ஐரோப்பாவைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டாம். அந்தச் சட்டத்தில் ஓட்டை இருந்தது. வேகத்தைக் குறைக்காதே, தடுக்காதே என்றது. நம் டிராய் தடுத்த ஜவுளிக்கடை வேனைப் பற்றி, அதாவது குறிப்பிட்ட சேவைக்கு மட்டும் டேட்டா கணக்கில் ஏறாது என்ற சலுகையைப் பற்றி, தெளிவாக ஒன்றும் சொல்லவில்லை. விளைவு வேடிக்கையானது. நெதர்லாந்து தன் சொந்தச் சட்டத்தில் அதை அடியோடு தடுத்திருந்தது. அங்கே ஒரு நிறுவனம் இசைக்கு மட்டும் இலவச டேட்டா கொடுத்தது, வழக்கு வந்தது. 2017 ஏப்ரலில் ரோட்டர்டாம் நீதிமன்றம், ஒன்றியச் சட்டத்தில் இல்லாத தடையை நீங்கள் போட முடியாது என்று டச்சுத் தடையைத் தள்ளிவிட்டது. முதலில் வேலி கட்டியவன் தோட்டத்தில்தான் முதலில் மாடு மேய்ந்தது.

பிறகு ஹங்கேரியிலிருந்து ஒரு வழக்கு. டெலினோர் நிறுவனம் அங்கே ‘மைசாட்’, ‘மைமியூசிக்’ என்று இரண்டு பேக் விற்றது. டேட்டா தீர்ந்த பிறகும் குறிப்பிட்ட அரட்டை, இசைச் செயலிகள் முழு வேகத்தில் ஓடும். மற்றதெல்லாம் நொண்டும். 2020 செப்டம்பர் 15-ல் ஐரோப்பிய நீதிமன்றம் இது தவறு என்றது. 2021 செப்டம்பரில் ஜெர்மனியின் டெலிகாம், வோடஃபோன் நிறுவனங்களின் இதே மாதிரிச் சலுகைகளும் சட்டத்துக்கு ஒவ்வாதவை என்று தீர்ப்பு வந்தது. நம்முடைய ஆணையம் 2016 பிப்ரவரியில் ஒரே விதியில் சொன்னதை அவர்கள் நீதிமன்றப் படியேறிச் சொல்லி முடிக்க ஐந்தரை வருடம் ஆயிற்று. அமெரிக்காவைப் பற்றிக் கேட்காதீர்கள். 2015-ல் விதி போட்டார்கள், 2017-ல் எடுத்தார்கள், மறுபடி போட்டதை 2025 ஜனவரியில் நீதிமன்றம் தூக்கி எறிந்தது.

நமக்குள்ளும் ஓட்டை உண்டு. நிறுவனம் தன் வலையமைப்புக்குள்ளேயே, வெளி இணையத்தைத் தொடாமல் கொடுக்கும் சேவைக்கு அந்த விதி பொருந்தாது. கம்பியும் வைத்து, சினிமாவும் பாட்டும் கடையும் வைத்திருக்கும் பெரிய கம்பெனிக்கு அது அகலமான பின்வாசல். இன்னொன்று, எல்லாத் தளத்தையும் சமமாக நடத்து என்று கம்பெனிக்குச் சொன்ன அரசு, கம்பியையே மொத்தமாக அணைக்கும் சுவிட்சைத் தன் கையில் வைத்துக்கொண்டது. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் அணைத்ததை, 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கேள்வி கேட்டது. அப்படியும் அங்கே முழு வேகம் திரும்பியது 2021 பிப்ரவரியில். எல்லோருக்கும் சமமாக இருட்டு என்பதும் ஒரு சமநிலைதான் என்று எங்கள் ஆட்கள் கிண்டல் செய்வார்கள்.

இப்போது புதிதாக ஒரு கோரிக்கை கிளம்பியிருக்கிறது. நம் கம்பியில் அதிகச் சுமை ஏற்றுவது யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும், அவர்களும் எங்களுக்குப் பங்கு தரட்டும் என்று தொலைபேசி நிறுவனங்கள் கேட்கின்றன. ஐரோப்பாவில் டாய்ச்ச டெலிகாம், ஆரஞ்ச், டெலிஃபோனிகா எல்லாம் சேர்ந்து கேட்டு, 2023 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையம் கருத்துக் கேட்டது. அதே வருடம் இங்கேயும் நிறுவனங்களின் சங்கம் அதே ராகத்தில் பாடியது. எனக்கு இது விளங்கவே இல்லை. நான் காசு கட்டிய டேட்டாவில்தான் அந்தப் படம் என் வீட்டுக்கு வருகிறது. நான் கரண்ட் பில் கட்டிய பிறகு, மிக்ஸி செய்தவனிடமும் மின்வாரியம் போய்க் காசு கேட்குமா? தென் கொரியாவில் இந்த மாதிரிக் கட்டணம் நடைமுறையில் இருக்கிறது. செலவு கட்டுப்படி ஆகவில்லை என்று ட்விட்ச் என்ற காணொளிச் சேவை 2024 பிப்ரவரியில் அந்த நாட்டை விட்டே போய்விட்டது.

இனி நான் சொல்ல வந்ததில் மறு பாதி. இவ்வளவும், கம்பி வந்து சேர்ந்தவனைப் பற்றிய பேச்சு. வராதவன் கதை வேறு.

2000-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். பெங்களூருவில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாகத் திறந்துகொண்டிருந்த வருடம். ஜூலையில் வீரப்பன் நடிகர் ராஜ்குமாரைக் கடத்திக்கொண்டு நம் காட்டுக்குள் வந்தபோது, இரண்டு மாநில அரசுகளுக்கும் செய்தி எப்படிப் போனது? ஒலிநாடாவில் பேசிப் பதிவுசெய்து, ஆள் கையில் கொடுத்தனுப்பி. நாட்டின் ஐடி தலைநகரத்துக்கும் நம் மலைக்கும் நடுவில் ஓடிய தகவல் நெடுஞ்சாலை அந்த கேசட்தான். அதை நினைத்துச் சிரிப்பது எனக்கு 2020-ல் நின்றுபோனது. பள்ளிக்கூடம் மூடி, பாடம் போனில் என்று ஆனபோது நம் பக்கத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறை ஏறினார்கள். யானை நடமாடுகிற பாறை.

ஐரோப்பா இந்த விஷயத்தில்தான் நம்மைவிட முன்னால் போனது, அதுவும் சட்டத்தை வைத்து. பின்லாந்து 2010 ஜூலை 1 முதல் ஒவ்வொரு குடிமகனுக்கும் நொடிக்கு 1 மெகாபிட் இணைப்பு உரிமை என்று எழுதியது. அங்கேயும் காடு, அங்கேயும் ஆள் அரவமற்ற ஊர்கள். 2018-ல் ஒன்றியம் முழுவதுக்கும் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்தொகுப்பு, போதுமான இணைய இணைப்பைக் கட்டுப்படியாகும் விலையில் கொடுப்பதைக் கட்டாயச் சேவையில் சேர்த்தது. உரிமை என்றால், வரவில்லையென்றால் கேட்கலாம், வழக்குப் போடலாம். திட்டம் என்றால் காத்திருக்கலாம்.

நம்மிடம் திட்டம் இருக்கிறது. தொலைபேசி நிறுவனங்களின் வருமானத்தில் 5 சதவீதம் வாங்கி, கிராமத்துக்குக் கம்பி போட 2002-லேயே நிதி ஏற்படுத்தினார்கள். 2011 அக்டோபரில், 2.5 லட்சம் கிராமப் பஞ்சாயத்துகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் என்று முடிவுசெய்தார்கள். அதுதான் பிறகு பாரத்நெட் ஆயிற்று. 2023-ல் அதைத் திருத்தி 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். எண்ணிக்கையில் குறை இல்லை.

என் கண்ணுக்குத் தெரியும் தவறு அதைவிடப் பழையது. ஐரோப்பிய ஒன்றியம் 2000 டிசம்பரில் ஒரு சட்டம் போட்டது. பழைய அரசுத் தொலைபேசி நிறுவனம் வீட்டுக்கு இழுத்த செப்புக் கம்பியை, போட்டிக்காரர் கேட்டால் நியாய விலைக்கு வாடகைக்கு விட வேண்டும். எல்லோரும் தெருவைத் திரும்பத் திரும்பத் தோண்ட வேண்டியதில்லை. பிரான்சில் ‘ஃப்ரீ’ என்ற புதிய நிறுவனம் இணையம், போன், டிவி மூன்றையும் மாதம் 29.99 யூரோவுக்குக் கொடுத்து, பழைய நிறுவனத்தின் விலையை இறக்கியது அந்தச் சட்டத்தின் பலத்தில்தான். நம் டிராயும் 2004 ஏப்ரலில் இதையே பரிந்துரைத்தது. அக்டோபரில் வந்த பிராட்பேண்ட் கொள்கை அதை ஏற்கவில்லை, நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டது. எங்கள் துறையில் இருந்த நாங்களும் அப்போது உள்ளூரச் சந்தோஷப்பட்டோம், உண்மையை மறைப்பானேன். நாம் இழுத்த கம்பி நமக்கே என்று நினைத்தோம். அந்தக் கொள்கையில் பிராட்பேண்ட் என்றால் 256 கிலோபிட். செப்புக் கம்பி அப்படியே மண்ணுக்குள் மக்கியது. வீட்டுக் கம்பிக்குப் போட்டி வரவில்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் எல்லோரும் காற்றலைக்குத் தாவினோம். விலை விழுந்தது வாஸ்தவம். ஆனால் காற்றலைக்குக் கோபுரம் வேண்டும், கோபுரத்துக்கு ஆள் கூட்டம் வேண்டும். மாதேஸ்வரன் மலைக் காடு 2013-லிருந்து சரணாலயம், உள்ளே எதை நட்டாலும் அனுமதி வேண்டும். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் இரண்டே கம்பெனிகளின் கையில் இருக்கும் நாட்டில், லாபம் தராத மேட்டுக்கு யார் போட்டி போட்டு வருவார்கள்?

கம்பெனி வராத இடத்தில் ஊரே போட்டுக்கொண்ட கதைகள் ஐரோப்பாவில் உண்டு. கட்டலோனியாவின் ஓசோனா வட்டாரத்தில் 2004-ல் கம்பியில்லா இணைப்பாகத் தொடங்கிய குய்ஃபி டாட் நெட் இன்று பெரிய பொது வலையமைப்பு. யார் சேர்ந்தாலும் ஒரே நிபந்தனை, மற்றவர் சரக்கைத் தடுக்கக் கூடாது. ஸ்டாக்ஹோம் மாநகராட்சி 1994-ல் ஆரம்பித்த ஸ்டோகாப், நகரம் முழுக்க இழையைப் புதைத்து எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரி வாடகைக்கு விடுகிறது, தானே இணையம் விற்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இங்கிலாந்தின் லங்காஷயர் கதை. பெரிய கம்பெனி கைவிட்ட மலைக் கிராமங்களில் 2011-ல் பி4ஆர்என் என்று ஒரு கூட்டு முயற்சி. பால்மாடு வைத்திருக்கும் விவசாயிகள் தங்கள் நிலத்தில் தாங்களே குழி தோண்டி இழை புதைத்தார்கள், உழைப்புக்குப் பதிலாகப் பங்கு எடுத்துக்கொண்டார்கள். லண்டனில் பலருக்குக் கிடைக்காத ஜிகாபிட் வேகம் அந்த ஆட்டுப்பட்டிகளுக்குக் கிடைத்தது.

போன மாதம் ஒரு ஊருக்குப் போயிருந்தேன். பெயர் சொல்ல மாட்டேன், நம் பக்கத்து ஊர்தான். பஞ்சாயத்துக் கட்டடத்துச் சுவரில் கண்ணாடி இழைப் பெட்டி இருந்தது, பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டேன், சாவி இருக்கிறது, பேட்டரி இல்லை என்றார்கள். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். லைன்மேன் பழக்கம், காலடியை எண்ணிக்கொண்டே நடப்பது. இருநூற்று நாற்பது அடி வைத்தேன். பள்ளிக்கூடத்தில் இணைப்பு இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கூடவே நடந்து வந்தான். என்ன தாத்தா எண்ணுகிறீர்கள் என்றான். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “குழிய நாங்களே தோண்டினா கேபிள் குடுப்பாங்களா?” என்று கேட்டான்.

“லங்காஷயர்ல குடுத்தாங்கப்பா” என்றேன்.

“அது எந்தத் தாலுகா தாத்தா?” என்றான்.